ஒரே ஆள், இரண்டு கேள்வித்தாள்

நம்பிக்கை: ஆளுமைக் கோளாறை அளக்க எந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும்.

உண்மை: காய்ச்சல் 102 என்றால் எந்தத் தெர்மாமீட்டரிலும் ஏறக்குறைய 102தான். ஆளுமைக் கோளாறில் கதை வேறு. ஒரே நோயாளிகளை வெவ்வேறு கேள்வித்தாள்களாலும் நேர்காணல்களாலும் அளந்த ஆய்வுகளை அமெரிக்க மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் பெரி 1992-இல் தொகுத்துப் பார்த்தார். ஒற்றுமையைக் காட்டும் ‘கப்பா’ எண் சுமார் 0.25-இல்தான் நின்றது. முழு ஒற்றுமை என்றால் அது 1. வெறும் தற்செயல் என்றால் 0.

நம்பிக்கை: நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் விஷயத்தில் ஒத்துப்போனாலே நல்ல சோதனைதானே?

உண்மை: ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 பேரிடம் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் 10 பேருக்குக் கோளாறு என்கிறது. இரண்டிலும் சிக்குபவர்கள் 3 பேர் மட்டும். இரண்டுமே ‘இல்லை’ என்று விட்டுவிடுபவர்கள் 83 பேர். கூட்டினால் 86 சதவீத ஒற்றுமை!

ஆனால் பெரும்பாலோருக்குக் கோளாறே இல்லாத கூட்டம் இது. சீட்டுக் குலுக்கி எடுத்தாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்தால் கப்பா 0.22தான். உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் இந்த எண்ணை வகுத்தது இப்படிப்பட்ட மயக்கத்தைத் தவிர்க்கத்தான்.

நம்பிக்கை: அப்படியானால் கேள்வித்தாள்களே தண்டம்.

உண்மை: சிக்கலின் பெரும்பங்கு, கோடு கிழிக்கும் இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-இல் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகள். ஐந்து இருந்தால் ‘உண்டு’. ஒரு தாளில் நான்கு, இன்னொன்றில் ஐந்து என்று விழுந்தால் வித்தியாசம் ஒரே அறிகுறி. முடிவோ நேர் எதிர். ஆம், இல்லை என்று பிரிக்காமல் மதிப்பெண்ணாக ஒப்பிட்டால் ஒற்றுமை கூடுகிறது.

பதில் சொல்பவரின் அன்றைய மனநிலையும் குறுக்கே வரும். மனச்சோர்வில் நிரப்பிய தாளில் கோளாறு கூடுதலாகத் தெரியும். சோர்வு தணிந்ததும் மதிப்பெண் இறங்கும். அதனால்தான் மருத்துவர்கள் கேள்வித்தாளைச் சல்லடையாகப் பயன்படுத்துகிறார்கள். சல்லடையில் தங்கியவர்களிடம் உட்கார்ந்து விரிவாகப் பேசுகிறார்கள்.

கோடு கிழிக்கும் முறையும் மாறிவருகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, ஆளுமைக் கோளாறின் பழைய வகைப் பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டது. லேசானதா, மிதமானதா, கடுமையானதா என்பதைத்தான் அது முதலில் கேட்கிறது. பார்டர்லைன் மட்டும் கூடுதல் குறிப்பாகத் தங்கியிருக்கிறது.