தரவைக் குழுக்களிடம் ஒப்படைக்கும்போது

எல்லாத் தரவையும் ஒரே மையக் குழுவிடம் குவிக்காமல், விற்பனை, கிடங்கு, கணக்கு என அந்தந்தப் பிரிவே தன் தரவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2019-இல் மென்பொருள் வல்லுநர் ஜமாக் தெஹ்கானி எழுதினார். அந்த முறைக்கு ‘டேட்டா மெஷ்’ என்று பெயரிட்டார். யோசனை சரியானதுதான். பொறுப்பைக் கைமாற்றும் விதத்தில்தான் பல நிறுவனங்கள் சறுக்குகின்றன.

செய்ய வேண்டியவை

• பொறுப்போடு ஆளையும் நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். விற்பனைக் குழுவுக்கு ஏற்கெனவே மாத இலக்கு கழுத்தை நெரிக்கிறது. ‘இனி ஆர்டர் தரவு உங்களுடையது’ என்று மின்னஞ்சல் மட்டும் போனால் யாரும் அதைச் சீந்தமாட்டார்கள். தரவைப் பராமரிப்பதும் வேலைதான். ஆண்டு மதிப்பீட்டில் அது இடம்பெற வேண்டும்.

• பொதுச் சொற்களுக்கு விளக்கம் எழுதிவையுங்கள். கணக்குத் தொடங்கியவரெல்லாம் விற்பனைப் பிரிவுக்கு ‘வாடிக்கையாளர்’. பணம் கட்டியவர் மட்டுமே நிதிப் பிரிவுக்கு. இரண்டு எண்ணிக்கையும் ஒரே கூட்டத்தில் திரைக்கு வந்தால், எது சரி என்ற வாக்குவாதத்திலேயே நேரம் போய்விடும். இரண்டுமே சரி. தனித்தனிப் பெயர் வையுங்கள். வாடிக்கையாளர் எண் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

• சேமிப்பு, அனுமதி, கண்காணிப்புக் கருவிகளை மையக் குழுவே கட்டித் தரட்டும்.

செய்யக்கூடாதவை

• சொல்லாமல் கொள்ளாமல் தரவின் வடிவத்தை மாற்றாதீர்கள். ஆர்டரின் நிலையை ‘டெலிவர்டு’ என்று பதிந்துவந்த கிடங்குக் குழு, ஒருநாள் அதை 4 என்ற எண்ணாக மாற்றுகிறது. அவர்கள் மென்பொருள் நன்றாகவே ஓடும். மறுநாள் காலை நிதிப் பிரிவின் அறிக்கையில் டெலிவரி பூஜ்யம். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை. தரவை யார் யார் எடுக்கிறார்கள், மாற்றத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த நாட்கள் முடியும்வரை பழைய வடிவமும் கூடவே ஓடட்டும்.

• தனிநபர் விவரங்களில் குழுவுக்கொரு விதி கூடவே கூடாது. 2023-இல் இயற்றப்பட்ட இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தைத்தான் கேள்வி கேட்கும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். ஒருவர் தன் செல்பேசி எண்ணை நீக்கச் சொன்னால், அதன் நகல் எந்தெந்தக் குழுவிடம் இருக்கிறது என்று உடனே சொல்ல ஆள் வேண்டும்.

• மையக் குழு திணறாத சிறிய நிறுவனத்தில் டேட்டா மெஷைத் தொடங்காதீர்கள். பெரிய நிறுவனத்திலும் முதலில் ஒரு பிரிவோடு நிறுத்துங்கள்.