சுரங்கக் கழிவில் உலோகம் மீட்கும் பூசணம்

சேமித்து வைத்த வெங்காயத் தோலில் கரித்தூள் போன்று படியும் கறுப்புப் பூசணத்தைக் குடியானவர்கள் நன்கறிவர். முளைத்து வரும் நிலக்கடலைச் செடியின் கழுத்தை அழுகச் செய்வதும் இதுவே. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்பது இதன் சாஸ்திரப் பெயர். பயிருக்குப் பகையான இப்பூசணத்தைக் கொண்டே சுரங்கக் கழிவில் சிக்கிக் கிடக்கும் உலோகத்தை மீட்கலாமென்று ஆராய்ச்சியால் ருசுவாகியிருக்கிறது.

பூசணத்தின் தொழில்

பூசணம் உலோகத்தைத் தின்பதில்லை. சர்க்கரையை உண்டு, சிட்ரிக், ஆக்ஸாலிக், குளூக்கோனிக் முதலிய அமிலங்களை வெளிவிடுகிறது. சிட்ரிக் அமிலமென்பது எலுமிச்சம்பழத்தின் புளிப்பே. சர்க்கரைக் கரைசலில் இப்பூசணத்தை வளர்த்து அவ்வமிலத்தைப் பெருவாரியாகப் பெறலாமென்று 1917-ல் ஜேம்ஸ் கரி என்னும் அமெரிக்க நிபுணர் எடுத்துக் காட்டினார். இவ்வமிலங்கள் தாதுவை அரித்து, உலோகத்தைப் பற்றிக்கொண்டு நீரில் கரைந்து நிற்கச் செய்கின்றன. மண்ணில் கரையாத மணிச்சத்தைக் கரைத்துப் பயிருக்கு உதவும் பூசணங்களும் இம்முறையையே கையாளுகின்றன.

கந்தகம் சேர்ந்த தாதுக்களைக் கரைக்கப் பாக்டீரியாக்கள் பயன்படுகின்றன. கந்தகமில்லாத தாதுக்களில் அவற்றுக்கு இரை இல்லை. அங்கேதான் பூசணத்தின் உதவி வேண்டியிருக்கிறது.

சுகிந்தாவின் மண்மேடுகள்

ஒடிசாவில் ஜாஜ்பூர் ஜில்லாவிலுள்ள சுகிந்தா பள்ளத்தாக்கு, இந்தியாவின் குரோமைட் தாதுவில் பெரும்பகுதியைத் தருகிறது. தாதுவை எடுப்பதற்காகத் தோண்டி அகற்றிய மேல்மண் அங்கே மேடுமேடாகக் குவிந்துள்ளது. அதில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக நிக்கல், இரும்புத் துருவோடு பிணைந்திருக்கிறது. பிறநாடுகளிலிருந்து நிக்கலை வரவழைக்கும் தேசத்துக்கு இஃது அற்பமன்று. சுரங்கங்களிலிருந்தும் மேடுகளிலிருந்தும் வடியும் நீர் நச்சுத் தன்மையுள்ள குரோமியத்தைக் கொண்டு ஓடைகளில் சேர்வதால், கீழ்ப்புறத்து நெல் வயல்களுக்கும் குடிநீருக்கும் கேடு உண்டாகிறது. புவனேசுவரத்திலுள்ள மத்திய ஆராய்ச்சிசாலையில் இம்மண்ணிலிருந்து பூசணத்தின் மூலம் நிக்கலைப் பிரிக்கும் சோதனைகள் நடைபெற்றிருக்கின்றன.

செய்முறை

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பூசணத்தையும் பொடித்த மண்ணையும் சர்க்கரைக் கரைசலில் ஒன்றாக இடுவது ஒன்று. முதலில் பூசணத்தை மாத்திரம் வளர்த்து, அமிலம் ஊறிய நீரை வடிகட்டி மண்ணின்மேல் விடுவது மற்றொன்று. உலோகங்கள் மிகுந்தால் பூசணத்தின் வளர்ச்சி குன்றுமாதலால், நச்சு மிகுந்த கழிவுக்கு இரண்டாவது வழியே ஏற்றது. பின்னர் கரைசலிலிருந்து உலோகம் பிரித்தெடுக்கப்படும்.

செலவும் எச்சரிக்கையும்

இம்முறைக்குக் கடுஞ்சூளையும் வலிய திராவகமும் வேண்டுவதில்லை. ஆயினும் வேலை மந்தம்; நாட்கள் பல செல்லும். கரைசலில் சிறிதளவு மண்ணையே இடலாம். சர்க்கரையின் விலையே பெருந்தடை. ஆகவே ஆலைக் கழிவுப் பாகு, உருளைக்கிழங்குத் தோல் போன்ற மலிவான இரைகள் பரிசோதிக்கப்பட்டுள்ளன. சுரங்கத்துக்கு அருகே இவை மலிவாகக் கிடைத்தாலன்றி இம்முறை கட்டுப்படியாகாது.

நிக்கல் நீங்கிய மண்ணிலும் குரோமியம் தங்கியிருக்கும். அதை எருவென்றோ வண்டலென்றோ கருதி வயலில் இடலாகாது. சுரங்க மேடுகளுக்கு அருகிலுள்ள குடியானவர்கள், மேட்டிலிருந்து வடியும் நீர் வயலுக்குள் புகாதபடி வரப்பையும் வடிகாலையும் செம்மை செய்து கொள்வதே உடனடியாகப் பலன் தருவதாகும்.