கண்ணாடியில் காய்ந்த சொட்டு

மாலை நேரத்தில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குக் காரில் போயிருக்கிறீர்களா? வெயில் சாய்ந்து முன்கண்ணாடியில் படும்போது ஒரு வேடிக்கை நடக்கும். பகலெல்லாம் பளிச்சென்று இருந்த கண்ணாடியில் நூற்றுக்கணக்கான வெள்ளை வளையங்கள் முளைக்கும். வைப்பரைப் போட்டாலும் போகாது. ஈரத் துணியால் துடைத்தாலும் போகாது. இரவில் எதிரே லாரி விளக்குகள் வரும்போது இது வேடிக்கையாக இராது. சுத்தமான கண்ணாடி ஒளியை நேராக உள்ளே விடும். வளையங்களில் உள்ள நுண்ணிய படிகங்களோ ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். கண் கூசும் அந்த ஓரிரு நொடிகளில் சாலையைக் கடக்கும் சைக்கிள்காரர் ஓட்டுநரின் பார்வைக்குத் தப்பிவிடலாம்.

அன்று காலையில்தானே காரைக் கழுவினார்கள்? ஆம், கழுவியதால்தான் வந்தது!

எப்படி என்று பார்ப்போம். மழைநீர் விழும்போதும் மண்ணுக்குள் இறங்கும்போதும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. செஞ்சிக் குன்றுகளின் கருங்கல்லையும், வயல் மண்ணில் கிடக்கும் சுக்கான் கல்லையும், கிழக்கே வழுதாவூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையையும் அது சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு கால்சியம் பைகார்பனேட் என்ற வடிவில் நிலத்தடி நீரில் இருக்கிறது. போர் போட்டு அந்த நீரைத்தான் மேலே இழுக்கிறோம். சோப்பு நுரைக்க மறுக்கும் "உப்புத் தண்ணீர்" என்று வீட்டில் சொல்வார்களே, அதில் பெரும்பங்கு இந்தக் கடினத்தன்மைதான்.

சொட்டு வெயிலில் காயும்போது கரியமில வாயு வெளியேறுகிறது, நீர் ஆவியாகிறது, கரையாத கால்சியம் கார்பனேட் தங்கிவிடுகிறது. எவ்வளவு தங்கும்? குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி, வேறு நீர் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டரில் 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம். அத்தகைய நீரின் ஒரு சொட்டில், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், 0.03 மில்லிகிராம்தான் இருக்கும். அற்பம்தான். ஆனால் தினமும் கழுவி, தினமும் துடைக்காமல் வெயிலில் விட்டால் படிவின்மேல் படிவு ஏறும்.

கறை ஏன் வளையமாக இருக்கிறது, நடுவில் ஏன் குறைவு என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. சொட்டின் விளிம்பு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. மெல்லிய விளிம்பிலிருந்துதான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓடுகிறது. மிதக்கும் துகள்களையும் கூடவே இழுத்துச் செல்கிறது. மேசையில் சிந்திய காப்பி ஓரத்தில் மட்டும் கறுத்துக் காய்வதும் இதனால்தான். அன்றாடம் பார்க்கும் இந்தச் சங்கதிக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1997இல்தான் தெளிவான விளக்கம் தந்தார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டை (ஓரம் கையைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கண்ணாடித் தட்டும் போதும்) நன்றாகத் துடைத்து, போர் தண்ணீர் ஒரு சொட்டு, கொதிக்க வைத்து ஆறியபின் துணியில் வடிகட்டிய அதே தண்ணீர் ஒரு சொட்டு, மழைநீர் ஒரு சொட்டு வையுங்கள். வெயிலில் காய விடுங்கள். மழைநீர் வைத்த இடம் ஏறக்குறையத் தெரியாது. கொதித்த நீரின் கறை சற்று மங்கலாக இருக்கும். ஏனெனில் கொதிக்கும்போதே சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படிந்துவிட்டது. அப்படியும் போகாமல் நிற்பவை சல்பேட்டுகளும் குளோரைடுகளும்.

இனிக் கறையின்மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு விட்டு, பூதக்கண்ணாடியால் பாருங்கள். படிவு தடிமனாக இருந்தால் சிறு குமிழ்கள் எழும். அமிலம் கார்பனேட்டைக் கரைத்துக் கரியமில வாயுவை விடுவிக்கிறது. கார்க் கண்ணாடிக்கும் இதுவே வைத்தியம். வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து, துணியை நனைத்து, சூடில்லாத கண்ணாடியில் ஐந்து பத்து நிமிடம் ஒட்டி வைத்து, பிறகு துடைத்து நீர் விட்டு அலச வேண்டும். வண்டியின் பெயின்டில் வழிய விடாதீர்கள்.

சில கறைகள் இதற்கும் மசியாது. அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பாறையைக் கரைத்து வந்த நீரில் சுண்ணாம்பு மட்டுமல்ல, கொஞ்சம் சிலிக்காவும் இருக்கிறது. கண்ணாடியே பெரும்பாலும் சிலிக்காதான்! இனம் இனத்தோடு சேர்வதுபோல் அது கண்ணாடியுடன் இறுக ஒட்டிக்கொள்கிறது. வினிகர் அதை ஒன்றும் செய்யாது.

கரைந்த சிலிக்கா எவ்வளவு பிடிவாதமானது என்று காண நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, வானூர் வட்டத்தில் திருவக்கரை இருக்கிறது. அங்கே சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. மணலில் புதைந்த மரத்துக்குள் நீர் ஊறி, அதிலிருந்த சிலிக்கா மரத்தின் செல்களை நிரப்பி இறுகிவிட்டது. மர இழைகூடத் தெரியும், தட்டினால் கல். பிரெஞ்சு இயற்கையியலர் சொன்னரா 1781இலேயே இவற்றைக் குறித்து வைத்தார். பள்ளிச் சுற்றுலாவுக்குத் தீம் பார்க்கை விட இது எனக்குப் பிடித்த இடம்.

சரி, கார்க் கண்ணாடிக்கு வருவோம். வினிகருக்குப் பின் விரல் நகத்தால் மெல்லத் தடவுங்கள். மேடு தட்டினால் படிவு மிச்சமிருக்கிறது. மேடு இல்லை, ஆனால் மங்கல் போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது. நீர் வெகுநாள் தேங்கினால் கண்ணாடியிலுள்ள சோடியத்தைச் சிறிது வெளியே இழுக்கும்; அதனால் உண்டாகும் காரம் மேற்பரப்பைத் தின்னும்.

இரண்டுக்கும் மெருகிடுவதுதான் வழி. லென்ஸ் மெருகிடப் பயன்படும் சீரியம் ஆக்சைடு பொடியை நீரில் குழைத்து, கம்பளித் துண்டால் பொறுமையாகத் தேய்ப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் இந்தச் சீரியம் இருக்கிறது. செங்கல் பொடி, உப்புக் காகிதம், ஆற்று மணல் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அவற்றிலுள்ள கடினத் துகள்கள் கண்ணாடியைக் கீறும். கீறலும் ஒளியைச் சிதறடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. "கறை நொடியில் போகும்" என்று ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த திரவத்தை யாராவது நீட்டினால் அருகில் போகாதீர்கள். கண்ணாடியையே கரைக்கும் அமிலம் அது. தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிகூடத் தெரியாது. உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பறிக்கும். உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால், காரை வெயில் ஏறுமுன் நிழலில் கழுவி, சொட்டுக் காயுமுன் பருத்தித் துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கடைசியாக ஒரு செம்பு அதை ஊற்றலாம்.

உங்கள் தெருவின் நாலைந்து போர் தண்ணீரை இதே கண்ணாடித் துண்டில் சொட்டு வைத்துப் பாருங்கள். எது அதிக வெள்ளை, எது வினிகரில் கரைந்தது, எது கரையவில்லை என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.