வலது இருக்கைக்கு யார் ஆள் கேட்பது?

செஞ்சியிலிருந்து விமானம் ஓட்டக் கிளம்பும் தங்கைக்கு,

இருநூறு மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸும் வாங்கியாயிற்று. இனி ஏதாவதொரு சார்ட்டர் கம்பெனி கூப்பிடும். "கிங் ஏர்ல கோ-பைலட் சீட் காலி" என்பார்கள். தாராளமாகப் போகலாம். கையெழுத்துப் போடுமுன் ஒன்று மட்டும் கேட்டுவிடு: அந்த இருக்கையில் ஆள் வேண்டும் என்பது யார்? விமானமா, விதியா, வாடகைக்கு எடுப்பவரா?

கிங் ஏர் பி200 விமானம் ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்றது. உச்ச எடை 5,670 கிலோ. இரவிலோ, கருவிகளை நம்பியோ ஒற்றைப் பைலட் பயணிகளை ஏற்றிச் செல்ல, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ போட்ட வரம்பு 5,700 கிலோ, ஒன்பது பயணிகள். புரொப்பெல்லர் விமானமாகவும் இருக்க வேண்டும், உயரத்தையும் திசையையும் பிடித்து நிறுத்தும் ஆட்டோபைலட்டும் வேண்டும். அமெரிக்க சார்ட்டர் விதியில் பத்துப் பயணி இருக்கை வந்தாலே இரண்டாம் பைலட் கட்டாயம். அதற்குக் குறைந்தால், அந்த ரகத்தில் கேப்டனாக 100 மணி நேரம் பறந்தவருக்கு ஆட்டோபைலட்டே துணை.

லாக்புக் கணக்கும் இதில்தான் தொங்குகிறது. ஒற்றைப் பைலட் விமானத்தில் அரசு கோ-பைலட்டைக் கட்டாயமாக்கினால், அடுத்த லைசென்ஸுக்கு அந்த நேரத்தில் பாதி வரைதான் சேரும் என்பது ஐகாவோவின் பொது விதி. இருவர் குழுவாக ஓட்ட ஏற்ற விமானமாக இருந்து, அப்படியே ஓட்டினால், முழுதாக ஏற்க நாடுகளுக்கு உரிமை உண்டு. சும்மா உட்கார்ந்து வந்த நேரத்தை எழுதிவைக்கும் ஆசை வேண்டாம். 2011இல் போலி ஆவணங்களுக்காகப் பைலட்கள் கைதானது இதே நாட்டில்தான்.

ஆள் எண்ணிக்கையே காப்பாற்றிவிடாது. 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி பயணித்த பெல் 430 ஹெலிகாப்டரில் அனுபவமுள்ள இரண்டு பைலட்கள் இருந்தார்கள். எண்ணெய் அழுத்தக் கோளாறு ஒன்றுக்கு என்ன செய்வதென்று கையேட்டில் தேடுவதிலேயே ஆறு நிமிடத்துக்கு மேல் போனது என்றது விசாரணை அறிக்கை. மோசமான வானிலைக்குள் சிக்கி, கீழிறங்கும் காற்றில் அகப்பட்டு, நல்லமலைக் காட்டில் விழுந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள். ஒருவர் பக்கம் புரட்டும்போது மற்றவர் கண் வெளியே இருக்க வேண்டும். இரண்டாம் பைலட்டுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

உங்கள் ஊர்க் கதையும் அதுதானே. முகலாயப் படை எட்டு வருஷம் முற்றுகையிட்ட செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியை, 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. மதில் அதே மதில். காவலுக்கும் ஆள் இல்லாமல் இல்லை.

ஆகவே இன்டர்வியூவில் சம்பளம் பேசி முடிந்ததும், கம்பெனியின் செயல்முறைக் கையேட்டைக் கேட்டு வாங்கிப் பார். இறங்கும்போது வேகம் குறைந்தால் யார் குரல் கொடுப்பது, "கோ-அரவுண்ட்" என்று நீ சொன்னால் கேப்டன் மறுபேச்சில்லாமல் மேலேற வேண்டுமா, அந்த ரகத்துக்கு ஸிமுலேட்டர் பயிற்சி உனக்கும் உண்டா, கேப்டனுக்கு மட்டுமா என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் கேப்டன் பார்த்துப்பார்மா" என்று பதில் வந்தால், ஒப்பந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடு. அடுத்த கம்பெனி கூப்பிட மாசக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும்.