மழைக்காலத் தக்காளிக்கு வேப்பிலைப் பொடி

ஐப்பசி பிறந்துவிட்டால் ஆழ்வார்திருநகரியில் தாமிரபரணிக் கரை ஈரம் அடுக்களை வரை வந்துவிடும். கூடையில் ஒரு தக்காளி கசிந்தால் போதும், பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும். பொடிகள் அழுகலை வரவிடாமல் தடுக்க உதவுமே தவிர, அழுகியதைத் திருப்பித் தராது.

1. முதலில் ஈரம் போக வேண்டும். நனைந்த பழத்தில் தூவிய பொடி சேறாகிப் பூஞ்சைக்கே வசதி செய்யும். காம்பு கழன்ற குழிதான் பூஞ்சை நுழையும் வாசல். அங்கே துணியால் ஒற்றி எடுத்து, குழி கீழே இருக்கும்படி அடுக்குங்கள்.

2. வேப்பிலையை நிழலில், கையில் நொறுங்கும்வரை காயவைத்து, மிக்சியில் அரைத்துச் சலியுங்கள். தக்காளியை அடுக்கிவைக்கக் காற்றுப் போகும் பனை ஓலைப்பெட்டி நல்லது. உடன்குடி கருப்பட்டி வந்த பெட்டி என்றால், இனிப்புப் பிசுக்கைத் துடைத்து வெயிலில் போட்டு எடுங்கள். இல்லாவிட்டால் எறும்புக்கு விருந்து. அடியில் காகிதம் விரித்துப் பொடி தூவி, ஒரே அடுக்காகத் தக்காளியை வையுங்கள். சமைக்கும் முன் நன்றாகக் கழுவாவிட்டால் ரசம் கசக்கும்.

3. பட்டை, கிராம்புப் பொடியைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடலாம். கிராம்பின் வாசனையில் உள்ள யூஜினால் பூஞ்சைக்கு ஆகாது. மணம் போனால் முடிச்சை மாற்றுங்கள்.

4. மஞ்சள்தூளை நம்பி வெடித்த பழத்தை வைக்காதீர்கள். அன்றைக்கே குழம்புக்குப் போகட்டும்.

5. மாடியில் செடி வைத்திருப்பவர்கள் தொட்டி மண்ணில் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்குத் தூளைக் கலந்து, மேலே வாழைச் சருகு பரப்புங்கள். மழையில் மண் தெறித்துத்தான் கீழ்க்காய்கள் அழுகுகின்றன. இந்தப் பக்கம் வாழைச் சருகுக்கா பஞ்சம்?

6. காய்ப்புழு போட்ட ஓட்டை வழியாகவும் பூஞ்சை ஏறும். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டுப் பிழிந்து, துளி சோப்புக் கரைசல் சேர்த்து, அன்று சாயங்காலமே தெளித்துவிடுங்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும்.

7. காயின் அடியில் மட்டும் தோல் போலக் கறுத்துத் தட்டையானால், பெரும்பாலும் அது பூஞ்சை இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத குறை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் கொட்டாமல், சீராகத் தண்ணீர் விடுங்கள்.

8. வெள்ளை இழை படர்ந்த பழத்தை வெட்டிப் பாதியைக் காப்பாற்ற வேண்டாம், குப்பைக்கே. செங்காயையும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் தாங்காமல் பிறகு சீக்கிரம் அழுகும்.