நன்னடத்தை வேலைக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்கு

ஹட்டன், நுவரெலியா நீதவான் நீதிமன்றங்களுக்கு அறிக்கை எழுதப்போகிறவர்களுக்கு, அந்த வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சொல்வது.

1. வயதிலிருந்து தொடங்குங்கள். பொலிஸ் எழுதிய வயதை அப்படியே எடுக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் பாடசாலை இடாப்பைத் தேடுங்கள். 12 வயது நிரம்பாத பிள்ளை செய்தது சட்டத்தில் குற்றமே ஆகாது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை அந்த எல்லை 8 வயதாக இருந்தது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்வது புரியும் பக்குவம் இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும். ஒரு மாத வித்தியாசம்கூட ஒரு பிள்ளையை வழக்கிலிருந்தே வெளியே எடுத்துவிடும்.

2. பிள்ளையின் குடும்பம் இருக்கும் தோட்டத்து லயத்துக்கு நேரில் போங்கள். பகலில் போனால் பாட்டியும் கைப்பிள்ளையும்தான் இருப்பார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீடு திரும்பும் நேரத்தில் போங்கள். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பிள்ளையின் வீட்டுச் சூழல், படிப்பு, உடல்நிலை, நடத்தை எல்லாவற்றையும் அறிந்து முடிவெடுக்கச் சொல்கிறது. நீதவான் அந்த லயத்தைப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் எழுதுவதுதான் அவர் பார்ப்பது. அப்பா குடிக்கிறார் என்று எழுதினால், காலையில் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்பதையும் எழுதுங்கள். "வீட்டில் இட வசதி இல்லை, ஆகவே இல்லத்துக்கு அனுப்பலாம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியை வைத்து மலையகத்துப் பிள்ளைகள் பாதிப்பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடலாம். வறுமை பிள்ளை செய்த குற்றம் அல்ல.

3. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைக்கும் சான்றுபெற்ற பாடசாலை கடைசி வழி. பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும், பஸ் காசும் போகும். இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை வர முடியாது. அவர் கைவிட்டுவிட்டார் என்று யாரோ ஒருவர் கோப்பில் எழுதுவார். வீட்டில் வைத்தே கண்காணிக்க 1944ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

4. நீதிமன்றம் விதிக்கும் பிரம்படியை 2005இல் நாடு ஒழித்துவிட்டது. ஆனாலும் தோட்டத்துத் தலைவரோ தகப்பனோ, "நாலு அடி போட்டு விட்டுருங்க ஐயா, கோர்ட்டு வேணாம்" என்பார். கோர்ட்டுப் பயத்தில் சொல்கிறார். உட்கார வைத்து விளக்குங்கள். அடிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

5. கொழும்பு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைமேல் திருட்டுப் புகார் வந்தால், நகையைப் பற்றிக் கேட்பதற்குமுன் வேறு கேள்விகள் இருக்கின்றன. கூட்டிப்போனது யார்? சம்பளம் யார் கைக்குப் போனது? பிள்ளை எங்கே படுத்தது? உடம்பில் காயம் உண்டா? வேலைக்கு வைக்கும் குறைந்த வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது. அதற்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்தவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள். இந்தப் பிள்ளைகளுக்காக நீங்கள் சண்டைபிடிக்கத்தான் வேண்டும்.

6. வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தால், தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை. சட்டத்தரணிக்குக் காசில்லாதவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள்.

7. வழக்கு முடிந்த பிறகும் போங்கள். ஆனால் ஜீப்பில் லயத்து வாசல்வரை போகாதீர்கள். ஒரு சுவர்தான் இடையில், அடுத்த வீடு எல்லாவற்றையும் கேட்கும். பாதையில் இறங்கி நடந்து போங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் போகும் காலத்தைத் தெரிந்து வைத்திருங்கள். அதற்கு முன்பே அதிபரைச் சந்தித்துப் பிள்ளையின் பெயரை மீண்டும் இடாப்பில் ஏற்றிவிடுங்கள்.