மக்காச்சோளமா, பார்லியா?

கேள்வி: பண்ணை வைக்கும் எண்ணம் உண்டு. வளரும் பன்றிகளுக்கு எந்தத் தானியம் நல்லது? (வாசகர், அஜின்கோர்ட்)

பதில்: 

அருகில் விளைவதே முதல் தெரிவு. ஒன்ராறியோவில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். சஸ்காச்சுவான், அல்பேர்ட்டா பக்கம் பார்லியும் கோதுமையும். மக்காச்சோளத்தில் சக்தி அதிகம், புரதம் 8 வீதம் அளவே. பார்லியில் புரதமும் நாரும் கூட, சக்தி குறைவு. எதை எடுத்தாலும் லைசின் என்ற அமினோ அமிலம் போதாது, அதற்குத்தான் சோயா. பார்லி தின்ற பன்றியின் கொழுப்பு வெண்மையாக, இறுக்கமாக இருக்கும். மக்காச்சோளம் தின்றதன் கொழுப்பு சற்று இளகும்.

விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஈரமான பருவத்தில் கதிரில் பூஞ்சணம் பிடித்தால் வாமிட்டாக்சின் என்ற நஞ்சு சேரும். 2018இல் ஒன்ராறியோ மக்காச்சோளத்தை அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாடு ஓரளவு தாங்கும், பன்றி தாங்காது: தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்கும், வளர்ச்சி நின்றுவிடும். கனடாவில் பன்றித் தீனிக்கு வழிகாட்டும் வரம்பு பத்து லட்சத்தில் 1 பங்கு. ஆகவே ஆய்வுகூட முடிவைக் கேட்டு வாங்குங்கள். அரைப்பதிலும் கவனம்: மாவாக்கினால் இரைப்பைப் புண், முழுத் தானியமாகப் போட்டால் ஒரு பங்கு செரிக்காமல் சாணத்தோடு போய்விடும்.